டாக்காவுக்குப் போன கோல்கீப்பர்

கால்பந்துப் பயிற்சியாளர்களைக் கோப்பைக் கணக்கை வைத்து எடை போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்தக் கணக்கில், ஈரானின் கோல்கீப்பராக இருந்து பயிற்சியாளரான நாசர் ஹெஜாஸி பெரிய ஆளாகத் தெரிய மாட்டார். ஈரானில் ஒரே ஒரு லீக் பட்டம், ஆசிய கிளப் போட்டியில் ஒரு இரண்டாம் இடம், டாக்காவில் சில பட்டங்கள், பங்களாதேஷ் தேசிய அணியோடு ஒரு வெள்ளிப் பதக்கம், அவ்வளவுதான். ஆனால் 2011 மே மாதம் அவர் இறந்தபோது தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடி அழுதார்கள். டாக்கா பத்திரிகைகளும் அவரைத் தங்கள் ஆளாகவே நினைத்து இரங்கல் எழுதின. இரண்டு நாட்டிலும் இப்படி மதிக்கப்பட்ட ஒருவரைக் கோப்பைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. தமிழில் யாரும் இவரைப் பற்றி விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஹெஜாஸி 1949 டிசம்பரில் தெஹ்ரானில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் வடமேற்கில் உள்ள தப்ரீஸ். பையனாக இருந்தபோது கூடைப்பந்தும் ஆடியிருக்கிறார். நாதேர் என்ற சின்ன கிளப்பில் தொடங்கி, இருபது வயதுக்கு முன்பே தாஜ் கிளப்புக்குப் போய்விட்டார். தாஜ் அப்போது தெஹ்ரானின் பெரிய கிளப்களில் ஒன்று. நீலச் சட்டை, ராணுவத் தளபதி ஒருவரின் தலைமை, அரண்மனைக்கு நெருக்கமான இடம். 1970இல் ஆசிய கிளப் கோப்பையைத் தெஹ்ரானிலேயே வென்றது.

தேசிய அணிக்கு 1960களின் கடைசியில் வந்தார். 1972இல் பாங்காக்கில் ஆசியக் கோப்பை, 1974இல் தெஹ்ரானில் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1976இல் மறுபடி ஆசியக் கோப்பை என்று ஈரான் ஆசியாவையே ஆண்ட காலம் அது. அந்த அணிகளில் எல்லாம் ஹெஜாஸி இருந்தார். மன்சூர் ரஷீதி என்ற இன்னொரு சிறந்த கோல்கீப்பரும் அதே காலத்தில் இருந்ததால் முதல் இடம் யாருக்கு என்ற போட்டி ஓயவே இல்லை. ஒரு அணியில் பத்துப் பேர் மாறி மாறி ஆடலாம், கோல்கீப்பர் ஒருவர்தான். வெளியே உட்கார வைக்கப்பட்டால் எவ்வளவு நாள் உட்கார வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் நிலைக்கத் திறமை மட்டும் போதாது, பிடிவாதமும் வேண்டும். ஹெஜாஸியிடம் அது நிறையவே இருந்தது. பிற்காலத்தில் அவருக்கு வந்த தொல்லைகளில் பாதிக்கு அந்தப் பிடிவாதமே காரணம்.

1978 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது ஈரானுக்கு முதல் முறை. அப்போது ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்தான். கடைசிச் சுற்றில் ஆஸ்திரேலியா, தென் கொரியா, குவைத், ஹாங்காங் ஆகிய நான்கு அணிகளோடும் உள்ளூரிலும் வெளியூரிலும் மோத வேண்டும். 8 ஆட்டங்கள். ஈரான் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, வாங்கிய கோல் 3. பயிற்சியாளர் ஹஷ்மத் மொஹாஜெரானி, கேப்டன் அலி பர்வின்.

அர்ஜென்டினாவில் முதல் ஆட்டம் நெதர்லாந்தோடு. ரென்சென்பிரிங்க் ஒருவரே மூன்று கோல் போட்டார், அதில் இரண்டு பெனால்டி. மூன்றாவது ஆட்டத்தில் பெருவிடம் 4-1 தோல்வி, அங்கேயும் குபியாஸ் இரண்டு பெனால்டி அடித்தார். நடுவில் ஜூன் 7ஆம் தேதி கோர்தோபாவில் ஸ்காட்லாந்தோடு நடந்த ஆட்டத்தைத்தான் ஈரானியர்கள் இன்றும் பேசுகிறார்கள். பதிவு இணையத்தில் கிடைக்கிறது, நேரம் கிடைத்தால் பாருங்கள். அர்ஜென்டினாவுக்குக் கிளம்பும்போது கோப்பையோடுதான் திரும்புவோம் என்கிற அளவுக்கு நம்பிக்கையோடு கிளம்பிய அணி ஸ்காட்லாந்து. முதல் பாதி முடியும் நேரத்தில் ஈரான் கோல் முகப்பில் ஒரு குழப்பம், பந்தை விலக்கப் போன எஸ்கந்தரியான் அதைத் தன் வலைக்குள்ளேயே அடித்துவிட்டார். வேறு அணியாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இரண்டாம் பாதியில் இடப்பக்கமாக ஓடி வந்த தனாயிஃபர்த், ஜெம்மிலைத் தாண்டி, கோணமே இல்லாத இடத்திலிருந்து அருகிலிருந்த கம்பத்துக்கு உள்ளே பந்தைச் செலுத்தினார். 1-1. உலகக் கோப்பையில் ஈரானின் முதல் கோல், முதல் புள்ளி. கோல் போட்டவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பிறகு வரும் அரை மணி நேரத்தை. ஸ்காட்லாந்து பந்தைப் பெட்டிக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறது, உயரமான ஹெஜாஸி கோட்டை விட்டு வெளியே வந்து ஆட்கள் நெரிசலுக்கு நடுவே அதை எடுக்கிறார். ஐரோப்பிய அணிகளோடு ஆடும் ஆசியக் கோல்கீப்பர்கள் அப்போது கோட்டிலேயே நிற்பதுதான் வழக்கம்.

அந்தக் காலகட்டத்தில் மான்செஸ்டர் யுனைட்டட் அவரைப் பார்க்க அழைத்தது. அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார், ரிசர்வ் அணியோடு ஆடவும் செய்தார். ஒப்பந்தம் கைகூடவில்லை. ஈரானில் அப்போது புரட்சி மூண்டுகொண்டிருந்தது. ஒரு விளையாட்டு வீரரின் ஒப்பந்த விஷயத்தைக் கவனிக்கும் நிலையில் நாடு இல்லை. அந்த ஒப்பந்தம் நடந்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார் என்று ஈரானிய ரசிகர்கள் இன்றும் ஆதங்கப்படுகிறார்கள். எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனால் அது நடந்திருந்தால் டாக்கா நடந்திருக்காது.

1979க்குப் பிறகு எல்லாமே மாறிப்போனது. தாஜ் கிளப்பை அரசு எடுத்துக்கொண்டு எஸ்தெக்லால் என்று பெயர் மாற்றியது. ஹெஜாஸி கடைசியாக ஆடிக்கொண்டிருந்த ஷாபாஸ் கிளப் இல்லாமலே போனது. லீக் பாதியில் நின்றது. 1980இல் ஈராக்கோடு போர் வந்தது, எட்டு வருடம் நீடித்தது. 1982 உலகக் கோப்பைக்கு ஈரான் போட்டியிடவே இல்லை. 1986க்கான தகுதிச் சுற்றில், சொந்த ஆட்டங்களை வேறு நாட்டில் நடத்தச் சொன்னதை ஏற்காததால் வெளியேற்றப்பட்டது. போதாக்குறைக்கு, தேசிய அணிக்கு வயது வரம்பு ஒன்றையும் கொண்டு வந்தார்கள். பழைய ஆட்சிக் காலத்து நட்சத்திரங்களை ஒதுக்கத்தான் அது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1980ஓடு ஹெஜாஸியின் தேசிய அணி வாழ்க்கை முடிந்தது. வயது முப்பது. கோல்கீப்பர்களுக்கு முப்பதுதான் நல்ல பருவம். இத்தாலியின் தினோ சோஃப் 40 வயதில் உலகக் கோப்பையைத் தூக்கியது 1982இல். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

எஸ்தெக்லாலுக்குத் திரும்பி 1980களின் நடுப்பகுதி வரை ஆடினார். தேசிய லீக் இல்லை, தெஹ்ரான் நகர லீக்தான். அப்புறம் டாக்கா.

அந்த 1978 தலைமுறையே உலகம் முழுக்கச் சிதறியது. மொஹாஜெரானி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். எஸ்கந்தரியான் நியூயார்க் காஸ்மோஸ் அணியில் சேர்ந்தார். அந்த உலகக் கோப்பை அணியில் இடம் பெற்றிருந்த மஜீத் பிஷ்கர், அலிகர் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, 1980இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடி அந்த ஊரையே பைத்தியமாக்கினார். அவரோடு வந்த ஜம்ஷித் நசீரி கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். ஜம்ஷித்தின் மகன் கியான் நசீரியை நம் ஊர் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும், 2024இல் சென்னையின் எஃப்சிக்கு வந்தவர். தெஹ்ரானில் நின்றுபோன ஒரு லீக்கின் கிளைக்கதை மெரினா அரங்கம் வரை வந்திருக்கிறது.

ஹெஜாஸி 1987இல் டாக்கா மொஹம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்பில் வீரர்-பயிற்சியாளராகச் சேர்ந்தார். இன்றைய பங்களாதேஷை கிரிக்கெட் நாடாக மட்டும் தெரிந்தவர்களுக்கு 80களின் டாக்காவைக் கற்பனை செய்வது கஷ்டம். கால்பந்துதான் எல்லாமே. மொஹம்மதனின் கறுப்பு வெள்ளைக் கொடியும் அபஹானியின் வான்நீலக் கொடியும் மொட்டை மாடிதோறும் பறக்கும். இரண்டு அணியும் மோதும் நாளில் கடைத்தெரு வெறிச்சோடும், ஆட்டம் முடிந்த பிறகு கல் பறப்பதும் உண்டு. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. 1986 உலகக் கோப்பையில் ஈராக்குக்கு ஆடிய சமீர் ஷாகிரும் கரீம் முகமது அல்லாவியும் அடுத்த வருடமே அபஹானிக்கு வந்துவிட்டார்கள். மொஹம்மதனில் நைஜீரியாவின் எமெகா எஸேயுகோ இருந்தார். அவர் பின்னால் 1994 உலகக் கோப்பைக்கான நைஜீரிய அணியில் இடம் பிடித்தார். ஈரானும் ஈராக்கும் எல்லையில் சுட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், டாக்காவில் ஒரு ஈரானியரின் அணியும் இரண்டு ஈராக்கியர்கள் ஆடும் அணியும் பட்டத்துக்காக மோதின.

அந்த 1987 லீக்கின் முடிவு ஒரு தனிக்கதை. பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டம் கோல் இல்லாமல் சமன் ஆனது. இரண்டு அணி வீரர்களும் சேர்ந்து தங்களைக் கூட்டுச் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள். ரத்த வெறியோடு காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே அது ஒரு நல்ல காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கால்பந்துச் சம்மேளனம் ஒத்துக்கொள்ளவில்லை. மறு ஆட்டம் வைத்தார்கள், ராணுவ மைதானத்தில், பார்வையாளர்களே இல்லாமல். மொஹம்மதன் 2-0 என்று வென்றது.

ஹெஜாஸி டாக்காவில் என்ன செய்தார்? உடற்தகுதியும் நேர ஒழுங்கும் முதலில். அதுவரை திறமையை மட்டும் நம்பி ஆடியவர்களிடம், தொண்ணூறு நிமிடமும் ஓடத் தெரிந்தால்தான் திறமைக்கு மதிப்பு என்று சொல்லும் பயிற்சியாளர் அவர். அந்த அணியின் தற்காப்பில் கைசர் ஹமீத், கோல் கம்பத்தில் சயீத் ஹசன் கானன், முன்னால் சாபிர் என்று எல்லோரும் கூப்பிட்ட ரும்மன் பின் வலி. பங்களாதேஷ் ரசிகர்கள் இந்தப் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்வார்கள்.

எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் 1988இல். ஆசிய கிளப் போட்டியின் தகுதிச் சுற்று டாக்காவில். மொஹம்மதனை எதிர்த்து வந்தது பெர்செபோலிஸ். ஹெஜாஸி வாழ்நாள் முழுக்க எதிர்த்து ஆடிய தெஹ்ரானின் சிவப்பு அணி. புரட்சிக்குப் பிறகு அதற்குப் பிரூஸி என்று பெயர் வைத்திருந்தார்கள், மக்கள் பழைய பெயரைத்தான் சொன்னார்கள். 1978 அணியின் கேப்டன் அலி பர்வினின் கோட்டை அது. ஆசியாவின் பெரிய கால்பந்து நாடு ஒன்றின் மிகப் பிரபலமான அணியை, தரவரிசையில் எங்கோ கீழே கிடக்கும் நாட்டு கிளப் 2-1 என்று தோற்கடித்தது. ஒரு அதிர்ஷ்டக் கோலை வைத்து இப்படி ஒரு வெற்றி வரலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு கோல் போட்டு, பெர்செபோலிஸ் மாதிரி ஒரு தாக்குதல் அணியை ஒரே கோலில் நிறுத்தி வைப்பதற்கு யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். பெர்செபோலிஸ் எப்படி ஆடும் என்று அந்த மைதானத்தில் ஹெஜாஸியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அடுத்த வருடம் பங்களாதேஷ் தேசிய அணியையும் பார்த்துக்கொண்டார். 1989இல் இஸ்லாமாபாத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டில் இறுதி வரை போய், பாகிஸ்தானிடம் ஒரு கோலில் தோற்று வெள்ளி. பங்களாதேஷுக்கு அந்தத் தங்கம் கிடைக்க இன்னும் பத்து வருடம் ஆனது, 1999இல் காத்மாண்டுவில். அப்போது பயிற்சியாளர் யார் தெரியுமா? 1987இல் அபஹானிக்கு ஆடிய அதே சமீர் ஷாகிர்.

ஈரானுக்குத் திரும்பிய பிறகு கெர்மானில் ஒரு நகராட்சி அணி, தெஹ்ரானில் ஒரு வங்கி அணி என்று சின்ன இடங்களில் வேலை பார்த்தார். பெரிய பெயர் எடுத்தவர்கள் இப்படிப்பட்ட வேலைக்குப் போவதற்குக் கூச்சப்படுவார்கள். ஹெஜாஸி போனார். இதற்கிடையில் எஸ்தெக்லால் 1991இல் ஆசிய கிளப் சாம்பியன் ஆகியிருந்தது, மன்சூர் பூர்ஹெய்தரியின் பயிற்சியில். அந்த இறுதிப் போட்டி நடந்த ஊர் டாக்கா.

எஸ்தெக்லாலின் பொறுப்பு 90களின் நடுவில்தான் அவர் கைக்கு வந்தது. 1997-98 லீக்கை வென்றது. அதே பருவத்தில்தான் தேசிய அணி மெல்போர்னில் ஆஸ்திரேலியாவோடு 2-2 என்று சமன் செய்து, இருபது வருடத்துக்குப் பிறகு உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. ஈரானியக் கால்பந்து மறுபடி கண் விழித்த வருடம் என்றே சொல்லலாம்.

லீக்கை வென்றதால் ஆசிய கிளப் போட்டிக்கு இடம். 1999 ஏப்ரலில் அரை இறுதியும் இறுதியும் தெஹ்ரானில். அரை இறுதியில் சீனாவின் தாலியன் அணியோடு 4-3. கோல்கீப்பராக இருந்து பயிற்சியாளரான ஒருவர் மூன்று கோல் வாங்கி ஒரு ஆட்டத்தை வென்றால் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன். இறுதி ஆட்டம் ஏப்ரல் 30ஆம் தேதி ஜப்பானின் ஜூபிலோ இவாட்டாவோடு. ஆசாதி மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். முதல் பாதியிலேயே ஜப்பானியர்கள் 2 கோல் போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே பதறாமல் பந்தைச் சின்னச் சின்னப் பாஸாகக் கடத்தினார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். இரண்டாம் பாதியில் எஸ்தெக்லால் ஒன்று போட்டது, இன்னொன்று வரவே இல்லை. 2-1. ஹெஜாஸியின் பயிற்சியாளர் வாழ்க்கையின் உச்சம் ஒரு தோல்வியில் முடிந்தது. கொஞ்ச நாளில் பொறுப்பும் போய்விட்டது. பூர்ஹெய்தரி திரும்பி வந்தார்.

அந்த முடிவு எனக்கு ஏற்கவில்லை. லீக் பட்டம், மறு வருடமே ஆசிய இறுதி. இதற்கு மேல் ஒரு கிளப் என்ன எதிர்பார்க்கும்? எஸ்தெக்லாலை நடத்தியது அரசின் விளையாட்டுத் துறை. நிர்வாகிகள் மாற மாற, பயிற்சியாளரும் மாறுவார். மேலிடத்துக்குப் பிடித்த மாதிரி பேசத் தெரிந்தவர்களுக்குக் காலம் நீளும். ஹெஜாஸிக்கு அது வராது. நிருபர் கேட்டால் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுவார். மறுபடியும் ஊர் ஊராகப் போனார்: இஸ்ஃபஹானில் ஸோப் ஆஹன், தப்ரீஸில் மஷின் சாஸி, காஸ்பியன் கரையில் ரஷ்த், மாசந்தரானில் நசாஜி. உருக்காலை, இயந்திரத் தொழிற்சாலை, நெசவாலை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த கிளப்கள் இதில் பாதி. 2007இல் எஸ்தெக்லால் மறுபடி அழைத்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். சில மாதங்களிலேயே, பருவம் பாதிகூடத் தாண்டாத நிலையில், நீக்கிவிட்டார்கள். அதுதான் அவருடைய கடைசிப் பெரிய பொறுப்பு.

நடுவில் ஒன்று நடந்தது. 2005 அதிபர் தேர்தலுக்கு ஹெஜாஸி வேட்புமனு கொடுத்தார். அங்கே வேட்பாளர்களைச் சலித்து எடுப்பது பாதுகாவலர் மன்றம் என்ற அமைப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனு கொடுத்து விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஏற்கப்பட்டார்கள், ஹெஜாஸியின் மனு தள்ளுபடி. விளம்பரத்துக்குச் செய்தார் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விளம்பரம் வேண்டும் என்றால் ஈரானில் அவருக்கு அதைவிட எளிய வழிகள் நூறு இருந்தன.

நுரையீரல் புற்றுநோய் வந்த பிறகும் அவர் வாயை மூடவில்லை. 2011 வசந்த காலத்தில், மானியக் குறைப்பால் விலைவாசி ஏறி ஏழைகள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அரசை வெளிப்படையாகக் கண்டித்துப் பேட்டி கொடுத்தார். உடம்பு பாதியாகி, சிகிச்சைக்கு நடுவில் கொடுத்த பேட்டி அது. மே 20ஆம் தேதி லீக்கின் கடைசி நாள், எஸ்தெக்லாலின் ஆட்டம் நடந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு நினைவிழந்தார். 23ஆம் தேதி தெஹ்ரான் மருத்துவமனையில் காலமானார். வயது 61.

உடலை ஆசாதி மைதானத்துக்குக் கொண்டு வந்தார்கள். நீலச் சட்டைகளோடு சிவப்புச் சட்டைக்காரர்களும் வந்திருந்தார்கள். மக்களுக்காகப் பேசியவரே, எழுந்திருங்கள், எங்களால் தாங்க முடியவில்லை என்ற பொருளில் கூட்டம் கோஷம் போட்டது. அந்த வருடத் தெஹ்ரானில் இப்படி ஒரு கோஷத்தைப் பொது இடத்தில் போட முடிந்ததே பெரிய விஷயம். 2009 தேர்தல் போராட்டங்கள் நசுக்கப்பட்டு இரண்டு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. பிறகு பெஹெஷ்தே ஸஹ்ரா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் மகன் ஆத்திலா எஸ்தெக்லாலுக்கு ஆடினார், மகள் ஆதூசா பெண்கள் ஃபுட்சாலில் (உள்ளரங்கக் கால்பந்தில்) இறங்கினார். 90களின் கடைசியில் ஹெஜாஸியிடம் ஆடிய இளைஞர்களில் ஃபர்ஹாத் மஜீதியும் ஒருவர். அந்த மஜீதி 2021-22 பருவத்தில் எஸ்தெக்லாலின் பயிற்சியாளராக இருந்தார். 30 ஆட்டங்கள், ஒரு தோல்விகூட இல்லாமல் லீக் பட்டம்.